அரைமணி பிந்தி வந்த மின்னல்

மேகம் கறுத்தால் மாரிசெல்விக்குப் பயம் வந்துவிடும். மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஊரில் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. நாரணாபுரத்தில் அவள் தெருவில் வானம் இருட்டினால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவள் மட்டும் வாசலில் நின்று விஸ்வநத்தம் பக்கம் பார்ப்பாள். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுடைய அம்மா மாரித்தாய் வெடிக்குத் திரி வைக்கிற வேலை செய்கிறாள்.

இந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை. முந்தின வருஷம் ஒரு மத்தியானம் பக்கத்துக் கம்பெனி ஷெட் ஒன்றின்மேல் மின்னல் விழுந்தது. மாரித்தாய் வீட்டுக்கு வந்தபோது இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேன் ஏறும் தெருமுனையிலிருந்து இன்னொரு வேனில் அந்தக் கம்பெனிக்குப் போன ஒரு பெண் அன்று திரும்பி வரவில்லை. மறுவாரமே மாரித்தாய் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அப்பா சங்கிலிமுத்து லாரிகளில் லோடு ஏற்றப் போகிறவர். அவரும் தடுக்கவில்லை. செல்விதான் வாசலை மறித்து நின்றாள்.

“போகாட்டி வீட்டுல இருந்து என்ன செய்யச் சொல்றே? நகரு, வேன் வந்துரும்” என்று மாரித்தாய் அவளை ஒதுக்கிவிட்டுப் போனாள்.

செல்விக்கு இருபத்தாறு வயது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சிவகாசியில் நாகூர் கனி என்பவருடைய அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவள் வேலை. பூச்சட்டிப் பெட்டியில் மயிலும், சங்குசக்கரத்தில் சிங்கமும் அவள் கையால் வந்தவை. படித்த நிரல்மொழிகளெல்லாம் தேர்வோடு மறந்துபோயிருந்தன.

பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த மெகருன்னிசாதான் அந்த இணையதளத்தைக் காட்டினாள். முதலாளியின் தம்பி மகள். அச்சகத்தின் கணக்கையும் வெளியூர்க் கடிதங்களையும் பார்த்துக்கொள்கிறவள். செல்வியைவிட நாலைந்து வயது மூத்தவள். உலகத்தில் எங்கே மின்னல் விழுந்தாலும் அடுத்த விநாடியே வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிற தளம் அது.

“இத பாரு. இப்ப ஆலங்குளம் பக்கம் விழுது. அங்கன விழுந்தா இங்கன வர எம்புட்டு நேரம் ஆகும்? இத யாராவது பாத்துக்கிட்டே இருந்து உங்கம்மா கம்பெனிக்கு போன் போட்டுச் சொன்னா நல்லதுல்ல?”

“யாருக்கா பாத்துக்கிட்டே இருப்பா?”

“அதுக்குத்தான நீ படிச்சிருக்கே.”

அச்சகத்தில் பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கித் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டாள் செல்வி. எல்லாரும் எழுதுகிற மொழி ஒன்றில் நிரல் எழுதிப் பார்த்தாள். கிழட்டு இயந்திரத்துக்கு அது தாங்கவில்லை. மின்னல் தகவல் மளமளவென்று வந்து விழுந்தால் திரை உறைந்து நின்றுவிடும். அதுவும் சரியாக மழை வலுக்கிற நேரத்தில் நிற்கும். பழைய இயந்திரங்களில் ஓடக்கூடிய சின்ன மொழி ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோதுதான் வென்லா கிடைத்தது.

வென்லா யாருக்கும் தெரியாத ஒரு நிரல்மொழி. ஃபின்லாந்தில் ஏரோ என்ற ஒருவர் தனியாக உருவாக்கியது. வென்லா என்பது அவருடைய நாயின் பெயர். மொத்த மொழியும் ஒரு கல்யாண போட்டோ அளவுக்குத்தான் இடம் பிடித்தது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதிலே சேர்ந்தவர்கள் உலகப் படத்தில் தங்கள் ஊரில் ஒரு குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள். ஐரோப்பா முழுக்க ஊசிகள் நெருங்கிக் கிடந்தன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

முதல் கேள்வியை எழுதி எழுதி அழித்தாள் செல்வி. மெகருன்னிசாவிடம் காட்டி இங்கிலீஷைச் சரிபார்த்துக்கொண்டாள். அனுப்பிய பிறகு யாராவது சிரித்துவிடுவார்களோ என்று அந்தப் பக்கத்தையே திறக்காமல் மத்தியானம்வரை லேபிளில் சிங்கத்துக்குப் பிடரிமயிர் வரைந்துகொண்டிருந்தாள். திறந்து பார்த்தால் ஏரோவே பதில் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இன்னும் நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்திலிருந்து கிரெக் என்பவர், “வருக! உங்கள் ஊசியைக் குத்துங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும்” என்று கேட்டிருந்தார். செல்வி சிவகாசியைத் தேடி ஊசியைக் குத்தினாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோடை மழை தொடங்கும் முன்னால் நிரல் தயாராகிவிட்டது. கம்பெனியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மின்னல் விழுந்தால் அது கம்பெனி அலுவலகத்துக்கு போன் போட்டு, பதிவுசெய்த குரலில் எச்சரிக்கும். எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பும். ஷெட்டுகளுக்குள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசலை ஒட்டிய அலுவலகத்தில் இருக்கும் போனுக்குத்தான் எதுவும் வரமுடியும். அந்த போனைக் காவல் காப்பவர் போர்மேன் அன்பரசன். ஐம்பதை நெருங்கியவர், யார் என்ன சொன்னாலும் முதலில் ‘ஆகாது’ என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிறவர்.

“ஆகாது தாயி. மானத்துல மின்னுனதுக்கெல்லாம் ஆள வெளிய கொண்டாந்தா சனம் என்னை வையும். பீஸுக்கு இம்புட்டுன்னு கூலி வாங்குறவுக.”

“ஒரு தடவ பாருங்கண்ணே. சரியா வரலேன்னா நிறுத்திப்புடுவோம்.”

சித்திரை மாதத்தில் ஒருநாள், தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அன்பரசன் வானத்தைப் பார்த்தார். அரைமனதோடு வெளியே வந்து, மரத்தில் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டினார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ஷெட்டுகளை விட்டு வாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்து வெற்றிலை எடுப்பதற்குள் காற்று திரும்பியது. அப்புறம் விழுந்த இடியில் கூடத்துத் தகரம் அதிர்ந்தது.

அன்றிலிருந்து செல்வியின் போன்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. அந்தக் கோடையில் இன்னும் சில தடவை அது சரியாகவே அடித்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் அதைப் பற்றி விசாரித்தார்கள். மாரித்தாய் வேனில் வரும்போது, “எம்மக வச்ச போனு” என்று சொல்லிக்கொள்வதாக யாரோ வந்து சொன்னார்கள்.

செல்விக்குச் சந்தோஷம்தான். ஆனால் பயம் குறையவில்லை, இன்னொன்றாக வளர்ந்தது. முன்பு வானத்தைப் பார்த்துப் பயந்தவள் இப்போது மேஜைக்கடியில் இருந்த பழைய டப்பாவைப் பார்த்தும் பயந்தாள். கரண்டு போனால்? இணையம் அறுந்தால்? சாப்பிடும்போது கால்விரலால் அந்த டப்பாவைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்.

தண்டவாளத் துண்டின் போட்டோவை வென்லா குழுவில் போட்டிருந்தாள். எல்லாரும் கொண்டாடினார்கள். தங்கள் மொழி இப்படி ஒரு காரியத்துக்குப் பயன்படும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார்கள். ஏரோ மட்டும் சில நாள் கழித்துத் தனியாக எழுதினார்: “மகிழ்ச்சி. ஆனால் ஒன்று. என் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் தக்காளிக்குச் சூடு காட்டுகிற அடுப்பை இயக்கத்தான் இந்த மொழியை எழுதினேன். அதை மறந்துவிடாதீர்கள்.” பெரிய மனிதர்கள் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. குறுஞ்செய்தியில் தமிழ் உடைந்து வந்தது. ‘விஸ்வநத்தம்’ என்று எழுதினால் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாகப் பிரிந்து, நடுநடுவே வெறும் வட்டங்களோடு போய்ச் சேரும். “என்ன தாயி இது, கோழி கிண்டுன மாதிரி இருக்கு?” என்பார் அன்பரசன். செல்வி குழுவில் முறையிட்டாள். தமிழ் எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன என்று படம் போட்டு விளக்கினாள். ஏரோ ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார். மழை ஓய்ந்திருந்த புரட்டாசியில் புதிய பதிப்பு வந்தது. தமிழ் முத்துமுத்தாக வந்தது. நன்றி சொன்னவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அதே பதிப்பில் நேரம் கணக்கிடும் பகுதியையும் ஏரோ புதிதாக எழுதியிருந்தார். அந்த வரியையும் செல்வி படித்தாள். அதில் பயப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சிவகாசி மூச்சு விடாது. கடைசி லோடுகள் கிளம்பிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு மத்தியானம், அச்சகத்துக்குள் திடீரென்று விளக்குப் போடவேண்டிய அளவுக்கு இருட்டியது. செல்வி மேஜையைவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். விஸ்வநத்தம் பக்கம் வானம் மையாகக் கிடந்தது. அதற்குள்ளே ஒரு வெளிச்சம் ஓடி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடி உருண்டது.

உள்ளே ஓடி வந்து திரையைப் பார்த்தாள். ‘அமைதி’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்து, ஒரு பிசிறில்லாமல்.

“அக்கா, அந்த மின்னல் படத்த எடுங்க!”

மெகருன்னிசா தன் திரையில் தளத்தைத் திறந்தாள். விஸ்வநத்தத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

“ஏ செல்வி, இம்புட்டு விழுது, உன் மிஷினு சும்மா இருக்கு?”

செல்வி கம்பெனி அலுவலகத்துக்கு போன் போட்டாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வேறு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. மூன்றாம் தடவையும் அதே குரல். வண்டிச் சாவியை எடுத்தாள்.

“நான் போறேன். நீங்க விடாம போட்டுக்கிட்டே இருங்க.”

“மின்னலுக்குள்ள வண்டில போவியா? செல்வி, ஏய்!”

அவள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். சாலை நெடுக லாரிகள். தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நகர மறுத்தார்கள். ஒலிப்பானை அழுத்திய கையை எடுக்காமல் சந்துபொந்தில் நுழைந்தாள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் உடம்பு தானாகக் குறுகியது. வெளிச்சத்துக்குப் பின்னால் வரும் சத்தம் இடிதானா, வேறு சத்தமா என்று காது தவித்தது. வேறு சத்தமாக இருந்தால் தரை முதலில் அதிரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். வண்டியில் போகிறவளுக்குத் தரை அதிர்ந்தால் தெரியுமா? அம்மா அன்றைக்கு எந்த ஷெட்டில் இருக்கிறாள் என்றுகூடக் காலையில் கேட்கவில்லையே என்று நினைத்தாள். ‘அமைதி’ என்ற பச்சை எழுத்து கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

கம்பெனி வாசலில் வண்டியைக் கீழே போட்டாள். காவல்காரர் மறித்தார், அவள் நிற்கவில்லை. உள்ளே ஒரு லாரிக்குச் சத்தமாக லோடு ஏறிக்கொண்டிருந்தது. அன்பரசன் அலுவலகத்து போனில் ஆர்டர் கேட்ட யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டிருந்தார். தண்டவாளத் துண்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் ஷெட்டுகளுக்குள்ளே இருந்தார்கள்.

“அண்ணே! ஆள வெளிய கூப்பிடுங்க! மின்னல் தலைக்கு மேல நிக்கி!”

அன்பரசன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். “இடி கேட்டுச்சு தாயி. நானும் நெனச்சேன். ஆனா உன் போனு அடிக்கலியே? அடிக்காட்டித் தூரத்துலன்னுதான அர்த்தம்?”

செல்வி தண்டவாளத்தைக் கையால் காட்டினாள். “அது கெட்டுப்போச்சுண்ணே. அத நம்பாதீக. மணிய அடிங்க!”

அவர் போனைப் போட்டுவிட்டு ஓடினார். தண்டவாளம் அலறியது. ஷெட்டுகளிலிருந்து பெண்கள் வெளிப்பட்டார்கள். ஓடக் கூடாது என்பது அவர்களுக்குப் பழக்கம். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு வேகமாக நடந்து வந்தார்கள். செல்வி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அம்மா இல்லை. கூட்டம் கடந்து போய்க்கொண்டே இருந்தது. அம்மா இல்லை. கடைசி வரிசை ஷெட்டிலிருந்து மாரித்தாய் முக்காடு போட்ட துண்டை அவிழ்த்துக்கொண்டு நிதானமாக வந்தாள். மகளைப் பார்த்ததும் நின்றாள்.

“நீ எங்கட்டி இங்கன?”

“நடம்மா. பேசாம நட.”

எல்லாரும் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது விழுந்தது. உலகமே வெள்ளையாகிப்போன ஒரு கணம், அதோடேயே சத்தம். கம்பெனிச் சுவருக்கு வெளியே நின்ற பனை ஒன்று உச்சியிலிருந்து பிளந்து புகைந்தது. ஒரு பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினாள். மழை சடசடவென்று இறங்கியது. ஷெட்டுகள் அசையாமல் நின்றன.

மழை பிடித்துக் கொஞ்ச நேரமிருக்கும். அலுவலகத்துக்குள்ளே போன் அடித்தது. அன்பரசன் போய் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து செல்வியிடம் மெதுவாகச் சொன்னார்:

“உன் மிஷினுதான் தாயி. மின்னல் கிட்ட வருது, ஆள வெளிய கூப்புடுங்கன்னு சொல்லுது.”

அன்று சாயங்காலமே அவள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது. மின்னல் தளம் உலகத்துக்குப் பொதுவான நேரத்தில் தகவல் அனுப்பும். அதை நம் ஊர் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டும். வென்லாவின் புதிய பதிப்பு அந்த அரையை முழு மணியாக்கி ஆறு என்று கூட்டியது. மூன்று மணிக்கு விழுந்த மின்னல் மூன்றரைக்கு விழுந்ததாகப் பதிவானது. நிரலைப் பொறுத்தவரை அந்த மின்னல் இன்னும் விழவே இல்லை. மூன்றரை ஆகும்வரை அது ‘அமைதி’ என்று காட்டிக்கொண்டு காத்திருந்தது. ஏரோ ஊரிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் நேர வித்தியாசம் முழு மணிகளாகவே இருந்ததால் யாருக்கும் எதுவும் கோணலாகத் தெரியவில்லை.

நடந்ததை அப்படியே குழுவில் எழுதினாள். இந்தத் தடவை இங்கிலீஷ் சரியா என்று யாரிடமும் காட்டவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தபோது ஏரோ அதைத் திருத்திப் புதிய பதிப்பும் வெளியிட்டிருந்தார். அதன் கீழே அடிலெய்டு கிரெக் எழுதியிருந்தார். அவருடைய ஊருக்கும் நேர வித்தியாசத்தில் ஒரு அரைமணி உண்டு. புதிய பதிப்பு வந்த அன்றே அவர் இந்தத் தவறைக் கவனித்திருக்கிறார். தன் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டு விட்டுவிட்டாராம். ‘இப்படி ஒரு ஊரில் இருப்பது நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மன்னியுங்கள்.’

செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி ஒரு பதில் எழுதினாள். அனுப்பவில்லை. அவர்தானே தன் ஊசியைக் குத்தச் சொன்னவர், எந்த ஊர் என்று பார்த்தவர் என்பது திரும்பத் திரும்ப மனசில் வந்தது. இன்னும் கீழே, ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: பொழுதுபோக்குக்கு எழுதப்பட்ட ஒரு மொழியை நம்பி மனித உயிர்களை வைத்தது தவறு, அந்தத் தவறு வென்லாவுடையது அல்ல. அதைப் படித்துவிட்டு அவள் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் தாங்கவில்லை. திரும்பி வந்ததும் மேஜைக்கடியில் கையை விட்டு அந்த டப்பாவின் வயரைப் பிடுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை குழுவினர் மாதம் ஒருமுறை முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். போகக் கூடாது என்றிருந்தவளை மெகருன்னிசா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். திரையில் ஏரோ நரைத்த தாடியோடு இருந்தார். முகம் வீங்கியிருந்தது. முதலில் அவர்தான் பேசினார்.

“அரைமணி வித்தியாசமுள்ள நாடுகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. என் தக்காளிக்கு அது தேவைப்படவில்லை. உங்களுக்கு எச்சரிக்கை சொல்லியிருந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தியது எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் இன்னும் அழுத்திச் சொல்லாமல் விட்டேன்.”

செல்வி மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. “என் அம்மா அங்கே இருந்தாள்” என்று மட்டும் சொன்னாள். ஒரு மூலைக் கட்டத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்தான் கிரெக் என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. முழுக்கப் போகவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் போனாள். கூடத்தில் எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள். நின்றபடியே சொன்னாள். தன் போன் அன்றைக்கு அரைமணி பிந்தி அடித்தது. அதற்கு முன்னால் அது சரியாக இருக்கிறதா என்று தான் சோதிக்கவில்லை. இனி அது அடிக்காது, நிறுத்தியாகிவிட்டது.

“சோதிக்காமத்தான் எங்க தலைல கட்டுனியா?” என்றாள் ஒருத்தி. சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. “நாங்க போனு போனுன்னு இருந்தோம். இடி கேட்டும் உக்காந்திருந்தோமே.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மாரித்தாய் வாளியை மூடி ஓரமாக வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அன்பரசன்தான் பேசினார். “நிறுத்தாத தாயி.”

“அண்ணே, மறுபடி எதும் ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

“கோடைல வெயிலடிக்கும்போதே சொல்லுச்சுல்ல? அந்த இடி அப்ப எங்க காதுக்குக் கேட்டிருக்காது. நிறுத்தாத. ஆனா அது அடிக்கலேன்னா ஒண்ணுமில்லேன்னு நெனச்சது எங்க தப்பு. அதுக்கு ஏதாச்சும் வழி பண்ணு.”

அந்தப் பேச்சைத்தான் அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் குழுவில் அதைப் பற்றியே பேச்சு நடந்தது. ஜெர்மனிக்காரர்கூட வந்து உருப்படியான யோசனை சொன்னார். கடைசியில் டப்பாவின் வயரை மறுபடி செருகி, எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினாள். மேகம் திரண்ட நாட்களில் இயந்திரம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். செய்தி நின்றுபோனால் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு ஆட்கள் வெளியே வந்துவிடவேண்டும். செய்தி வந்துகொண்டிருந்தாலும், ஒரு இடி காதில் கேட்டுவிட்டால் போனைப் பார்க்கவே கூடாது, உடனே மணிதான். அதை அன்பரசன் அலுவலகச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதிவைத்தார்.

கிரெக் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். தன் வீட்டிலும் அதே நிரலை விஸ்வநத்தம் வானத்தைப் பார்க்கும்படி ஓடவிடலாமா என்று கேட்டார். ‘உங்கள் இயந்திரம் தவறினால் என்னுடையது சொல்லும். அனுமதி தருவீர்களா?’ செல்வி அதற்கு இரண்டு நாள் பதில் போடவில்லை. அப்புறம் ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதினாள். வென்லாவின் முகப்புப் பக்கத்தில், உயிர்காக்கும் வேலைகளுக்கு இதை மட்டும் நம்பவேண்டாம் என்ற வரியை ஏரோ சேர்த்தார். நேரப் பகுதியைச் சோதிக்கும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பதிப்பு எதுவும் இனி அவள் பார்க்காமல் வெளிவராது. மின்னல் இல்லாத நாட்களில் பொய் மின்னல்களைத் தானே அனுப்பி, போன் எப்போது அடிக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக அடித்தாலும் மறுபடி ஒருதடவை பார்ப்பாள்.

தீபாவளி முடிந்து, விடுமுறைக்குப் பிறகு ஷெட்டுகள் மீண்டும் திறந்த கார்த்திகையில் ஒரு பகல் மேகம் திரண்டது. மேஜைக்கடியில் டப்பா கொரகொரக்க, திரையில் மின்னல் எச்சரிக்கை வந்தது. அதே நேரத்தில் அடிலெய்டிலிருந்தும் செய்தி வந்து விழுந்தது. செல்வி எழுந்து நின்றே கம்பெனிக்கு போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார் அன்பரசன்.

“அடிச்சாச்சு தாயி. வெளிய வந்துக்கிட்டிருக்காக.”

“எல்லாரும் வந்தாச்சாண்ணே?”

“நீ போன வையி. நான் ஆள எண்ணணும்.”

லைன் அறுந்தது. மெகருன்னிசா வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் ஒன்று ஓடியது, இடி வந்தது, இன்னொன்று. அச்சகத்துக்குள் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். செல்வி உட்காரவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரை அணைந்தால் விரலால் தொட்டு மறுபடி எரியவைத்தாள். மழை தகரத்தில் அறையத் தொடங்கிய பிறகுதான் போன் அடித்தது.

“எண்ணிட்டேன் தாயி. ஒரு ஆளுகூடக் குறையல. உங்கம்மா இந்தா நிக்கி, பேசுறியா?”

“வேண்டாண்ணே, சும்மா கேட்டேன்” என்றாள் செல்வி. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கால்விரலால் டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு மவுஸை எடுத்தாள்.